‘டக்’ சத்தம் எங்கே போனது?

சின்னமனூர் மருந்துக் கடை முன்னால் நின்ற காரில் அம்மா சாவியைத் திருப்பினார். கார் பேசாமல் இருந்தது.

மறுபடியும் திருப்பினார். அப்போதும் பேசாமல் இருந்தது.

“இன்னைக்குமா?” என்றார் அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. ஸ்டியரிங் மீது நெற்றியைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பின் சீட்டில் இருந்த பவானி பெருமூச்சு விட்டபடி கதவைத் திறந்தாள். அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியும். இறங்கிக் காரைத் தள்ள வேண்டும்.

காலாண்டு விடுமுறை தொடங்கியதிலிருந்து அவளுக்கு இதே வேலைதான். ஆறாம் வகுப்புத் தோழிகள் எல்லாரும் சுருளி அருவிக்குக் குளிக்கப் போனார்கள். பவானி சொந்த ஊரான உத்தமபாளையத்துக்கும் தேனிக்குமாக அலைந்தாள். அப்பாவுக்கு மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. மாதக் கடைசியில்தான் கீழே இறங்குவார். அவளை வீட்டில் தனியாக விட அம்மாவுக்கு மனசு வரவில்லை.

தேனியில் அப்படி என்ன வேலை? டயாலிசிஸ்.

பக்கத்து வீட்டு ரியாசுதீன் மாமாவுக்கும், தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருந்த சந்தனம்மாள் பெரியம்மாவுக்கும் சிறுநீரகம் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் தேனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மிஷின் அவர்களுடைய ரத்தத்தைச் சுத்தம் செய்யும். அது முடியும் வரை கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். முடிந்து எழுந்து வரும்போது, பிழிந்து போட்ட துணி மாதிரி வருவார்கள்.

முன்பெல்லாம் ரியாசுதீன் மாமா பஸ்ஸில்தான் போய் வந்தார். ஒருநாள் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அதன் பிறகுதான் அம்மா தன் பழைய வெள்ளைக் காரில் இரண்டு பேரையும் கூட்டிப் போக ஆரம்பித்தார்.

இப்போது அந்தக் காருக்கும் உடம்பு சரியில்லை.

முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டிப் படுத்திருந்த ரியாசுதீன் மாமா மெல்ல எழுந்தார். “நானும் ஒரு கை குடுக்குறேன் தங்கச்சி” என்றார்.

“எந்தக் கை? ஊசி போட்ட அந்தக் கையா?” என்றார் அம்மா. “பேசாம உக்காருங்கண்ணே.”

பின் சீட்டிலிருந்து சந்தனம்மாள் பெரியம்மா அம்மாவை அழைத்தார்.

“நானும் எறங்கித் தள்ளுவேன் தேவயானி. வண்டி கெளம்பிரும், நான் அங்கனயே விழுந்து கெடப்பேன். பெறகு என்னையத் தள்ளுறதுக்கு ஆள் தேடணும். அதான் யோசிக்கிறேன்.”

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் அரிவாளை வைத்துவிட்டு வந்தார். பவானியும் அவரும் சேர்ந்து தள்ளினார்கள். வெயிலில் காரின் பின்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. கார் கொஞ்ச தூரம் உருண்டது, இரண்டு முறை குலுங்கியது, கிளம்பிவிட்டது. பவானி ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

திராட்சைப் பந்தல்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின.

உத்தமபாளையம் நெருங்கும்போது ரியாசுதீன் மாமா தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீக. வர்ற செவ்வாக்கெழம ஒரு நாள் உங்ககூட வாரேன். அதுக்கு மேல பஸ்ஸுலயே போயிக்கிறேன்.”

“ஏண்ணே?”

“என்னாலதான உங்களுக்கு இம்புட்டுச் சிரமம்? பிள்ள கையப் பாருங்க, செவந்து போயிருக்கு.”

பவானி சட்டென்று கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸுல போயி மறுபடி விழுறதுக்கா? மெஹராஜ் அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்றார் அம்மா.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கவில்லை என்பது பவானிக்குத் தெரிந்தது.

*

இரண்டு பேரையும் வீட்டில் விட்டுவிட்டு அம்மா நேராக இம்மானுவேல் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

இம்மானுவேல் அண்ணன் ஒரு லாரிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். திராட்சை ஏற்றும் வண்டிகள் வரிசையாக நின்றன. அவரும் களைத்துப் போயிருந்தார்.

“மறுபடியுமா அக்கா?”

“மறுபடியும்தான்.”

அவர் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பியது. அணைத்தார், திருப்பினார். மறுபடியும் கிளம்பியது.

“இந்தா, நல்லாத்தான இருக்கு?”

“உன்னையப் பாத்தா மட்டும் பயப்படுது” என்றார் அம்மா.

இம்மானுவேல் அண்ணன் தலையைச் சொறிந்தார். “பேட்டரி மாத்தியாச்சு. செல்ஃப் மோட்டாரக் கழட்டிச் சரி பண்ணியாச்சு. ஒருவேள வெயில் சூட்டுல மோட்டார் அடம்பிடிக்குதோ என்னமோ. பொய் சொல்ல மாட்டேங்க்கா, எனக்குப் பிடிபடல. கோளாறு என் கண்ணு முன்னாடி வந்தாத்தான் நான் பிடிக்க முடியும்.”

பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார். “கெளம்பாதப்ப, சாவியத் திருப்புனா ‘டக்’னு ஒரு சத்தம் கேக்குதா?”

அம்மா யோசித்தார். “தெரியலையேப்பா. அந்த நேரத்துல எனக்குப் படபடப்புத்தான் கேக்குது.”

“என்ன சத்தம் அண்ணே?” என்று பவானி கேட்டாள்.

“ரிலே சத்தம். சாவியத் திருப்புறப்ப கொஞ்சூண்டு கரண்டுதான் போகும். இன்ஜினச் சுத்திவிடுற செல்ஃப் மோட்டாருக்கு அது பத்தாது. அந்தக் கொஞ்சூண்டு கரண்டு போயி ரிலேய எழுப்பிவிடும். ரிலே ‘டக்’னு முழிச்சு, மோட்டாருக்குப் பெரிய கரண்டத் தொறந்து விடும். டேஷ்போர்டுக்குக் கீழ, இடது பக்கம் இருக்கு பாரு, கருப்பா, தீப்பெட்டி கணக்கா.”

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் மறுபடி லாரிக்கு அடியில் போய்விட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தார்.

“அம்மா, கார் ரொம்ப நேரமா வெயில்லயே நிக்குது.”

“நிக்கட்டும்.”

“நல்லாச் சூடாயிருச்சு. இப்ப கெளம்புதான்னு பாப்போமா?”

“பவானி, என்னால எந்திரிக்க முடியல.”

“ஒரே ஒரு தடவம்மா.”

அம்மா எழுந்தார். திட்டிக்கொண்டேதான் எழுந்தார். ஆனாலும் எழுந்தார்.

பவானி முன்பக்க இடது கதவைத் திறந்து, கீழே குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். உள்ளே அடுப்பங்கரை போலக் கொதித்தது. தீப்பெட்டி மாதிரி ஒரு கருப்புப் பெட்டி. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

“இப்பத் திருப்பும்மா!”

டக்! விரலுக்கு அடியில் ஏதோ துள்ளியது. கார் கிளம்பியது.

ஒரே ஒரு தடவை என்பது பல தடவை ஆனது. ஒவ்வொரு தடவையும் ‘டக்’ கேட்டது. ஒவ்வொரு தடவையும் கார் கிளம்பியது.

“அப்ப வெயில் காரணம் இல்லம்மா” என்றாள் பவானி. வியர்வை அவள் மூக்கிலிருந்து சொட்டியது.

“பெறகு என்னதான் காரணம்?”

அதுதான் பவானிக்கும் தெரியவில்லை. வீட்டில் கிளம்புகிறது. ஒர்க்‌ஷாப்பில் கிளம்புகிறது. காலையில் தேனிக்குப் புறப்படும்போதும் கிளம்புகிறது. திரும்பி வரும்போது, நடுவழியில் நிறுத்தினால் மட்டும் கிளம்ப மாட்டேன் என்கிறது. அப்போது மட்டும் என்ன நடக்கிறது?

*

செவ்வாய்க்கிழமை காலையில் கார் ஒழுங்காகக் கிளம்பியது. பவானி முன் சீட்டில் இருந்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து, எந்த நர்ஸ் வலிக்காமல் ஊசி போடுவார் என்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை முடிந்தது. அம்மா காரைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எப்போதும்போல ரியாசுதீன் மாமாவுக்கு முன் சீட்டைச் சாய்த்துக் கொடுத்தார்கள். அவர் காலை நீட்டிப் படுத்தார். முகம் வெளுத்திருந்தது.

“இன்னையோட உங்களுக்கு என் தொந்தரவு விட்டுச்சு தங்கச்சி” என்றார்.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சின்னமனூரில் மருந்து வாங்க நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தினார். மருந்தோடு திரும்பி வந்து சாவியைத் திருப்பினார்.

கார் பேசாமல் இருந்தது.

“அம்மா, இரு!” என்றாள் பவானி. பின் சீட்டிலிருந்து முன்னால் எக்கிக் காதைக் கொடுத்தாள். “இப்பத் திருப்பு.”

‘டக்’ கேட்கவில்லை.

“லைட் எரியுதா?”

“நல்லா எரியுது.”

“ஹாரன்?”

அம்மா அழுத்தினார். பாதையில் போன ஒரு ஆடு திடுக்கிட்டு ஓடியது.

பேட்டரி நன்றாக இருக்கிறது. ஆனால் ரிலே எழுந்திருக்கவில்லை. பவானி சீட்டின் பக்கவாட்டில் எட்டிக் கீழே பார்த்தாள். ரியாசுதீன் மாமா அரைத் தூக்கத்தில் இருந்தார். அவருடைய கால்கள் டேஷ்போர்டுக்கு அடியில் மூலை வரை நீண்டிருந்தன. காலையில் அதே சீட்டில் பவானி உட்கார்ந்திருந்தாள். அவள் கால் அந்த மூலைக்கு எட்டவே எட்டாது.

மாமாவை எழுப்பலாமா என்று யோசித்தாள். அவர் அப்படிக் களைத்துப் படுத்திருந்ததைப் பார்த்தபோது எழுப்ப மனசு வரவில்லை.

அதற்குள் அவராகவே விழித்துக்கொண்டார். “நின்னுருச்சா? இருங்க, நான் எறங்கிக்கிறேன். பாரமாவது கொறையும்” என்று கால்களை மடக்கினார்.

அம்மாவின் கை தன்னையறியாமல் சாவியைத் திருப்பியது.

டக்! கார் கிளம்பிவிட்டது.

“அப்பாடா!” என்றார் பெரியம்மா. “தேவயானி, விட்டுறாத. நேரா வீட்டுக்கு விடு.”

“அம்மா, ஆஃப் பண்ணு” என்றாள் பவானி.

காருக்குள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன்டி, உனக்கென்ன பைத்தியமா? தள்ளாமக் கெளம்புன வண்டிய நிப்பாட்டச் சொல்ற?” என்றார் அம்மா.

“ஆஃப் பண்ணும்மா. கெளம்பலைன்னா நான் தனியாவே தள்ளுறேன்.”

அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். வியர்வையும் தூசியும் அப்பிய முகம். ஆனால் அந்த முகத்தில் விளையாட்டு இல்லை. அம்மா இன்ஜினை அணைத்தார்.

“மாமா, கொஞ்ச நேரம் பின்னாடி உக்காருறீகளா? நான் இங்கன உக்காந்து ஒண்ணு பாக்கணும்.”

மாமா மெல்ல இறங்கிப் பின்னால் மாறினார். பவானி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. முதுகு சீட்டில் படும் அளவுக்குச் சறுக்கி இறங்கி, மூலையில் தரையோடு விரித்திருந்த ரப்பர் மிதியடியைப் பாதத்தால் அழுத்தினாள். மிதியடிக்குப் பின்னால் ஒயர்கள் நெளிவது தெரிந்தது.

“திருப்பும்மா.”

சத்தமே இல்லை.

காலை எடுத்தாள். “இப்பத் திருப்பு.”

டக்! கார் கிளம்பியது.

மறுபடி அழுத்தினாள். கிளம்பவில்லை. காலை எடுத்தாள். கிளம்பியது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காலை மேல தூக்கி வச்சுக்க. நேரா இம்மானுவேல்ட்ட போறோம்” என்றார்.

*

“கோளாறக் கையோட கொண்டாந்திருக்கோம்!” என்று ஒர்க்‌ஷாப் வாசலிலேயே பெரியம்மா அறிவித்தார். அவரும் மாமாவும் நிழலில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

பவானி சறுக்கி இறங்கி மிதியடியை அழுத்திக் காட்டினாள். இம்மானுவேல் அண்ணன் சாவியைத் திருப்பினார். கார் கிளம்பவில்லை. அவருடைய களைத்த கண்கள் அகலமாகின.

“அப்படியே அழுத்திக்கிட்டே இரு.”

அவர் ஹாரனுக்கு இருந்த ரிலேயைக் கழற்றி, கார் கிளம்புவதற்கான ரிலே இருந்த இடத்தில் சொருகினார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. அப்போதும் கார் கிளம்பவில்லை. கிளம்புவதற்கான பழைய ரிலேயை ஹாரனுக்கு மாற்றினார். ஹாரன் நன்றாக அடித்தது.

“அப்ப ரிலே மேல தப்பு இல்ல. ரிலேக்கு வர்ற ஒயர்லதான் கோளாறு” என்றார்.

மிதியடியை உரித்துவிட்டு, டார்ச் அடித்தபடி ஒவ்வொரு ஒயராகப் பின்தொடர்ந்தார். கதவோரம் ஒரு கருப்பு ஒயரின் முனை, காரின் தகட்டில் ஒரு சின்னத் திருகாணியால் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆணி முழுக்கத் துரு. அண்ணன் விரலால் தொட்டதுமே அது ஆடியது.

“எர்த் ஒயர்! ரிலேக்குள்ள வந்த கரண்டு இது வழியாத்தான் திரும்பிப் போகணும். ஒயர அழுத்துனா ஆணி தகட்ட விட்டு வெலகுது. திரும்பிப் போக வழி இல்லாட்டி ரிலே எப்படி முழிக்கும்?” என்றவர் பவானியைப் பார்த்தார். “ஏம்மா, நான் மோட்டாரயே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ எங்கிட்டுப் போயிப் பிடிச்சிருக்க!”

பவானிக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பெஞ்சைத் திரும்பிப் பார்த்ததும் அது பாதியாகிவிட்டது.

ரியாசுதீன் மாமா தன் கால்களையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன் சீட்டுல நாந்தான் காலை நீட்டிக்கிட்டு வருவேன்” என்றார் மெல்லிய குரலில். “அப்ப இத்தன நாளும் நீங்க பட்ட பாடு என் காலாலயா?”

பவானி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மாமா, இப்ப நான் மிதிச்சேன். அப்பவும் கெளம்பலைல்ல?”

“ஆமா.”

“பெரியம்மா மிதிச்சாலும் கெளம்பாது. அந்த ஆணி லூசாக் கெடந்துச்சு, அம்புட்டுத்தான். நல்லா முடுக்கியிருந்தா யார் கால் பட்டா என்ன?”

“இருந்தாலும்...”

“நீங்க மட்டும் காலை நீட்டாம இருந்திருந்தா, அந்த ஆணி லூசா இருக்கிறதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அம்மா தனியா எங்கயாச்சும் மலைப்பாதையில போறப்ப முழுசாக் கழண்டு விழுந்திருக்கும்.”

மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“பாப்பா சொல்றது நெசம்தான் பாய்” என்றார் இம்மானுவேல் அண்ணன். அவர் துருவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தகடு பளபளக்கும் வரை தேய்த்தார். புது ஆணி போட்டு இறுக்கினார். ஒயர்களை யார் காலும் படாதபடி மேலே தூக்கிக் கட்டினார். பிறகு எழுந்து நின்றார்.

“பாய், நீங்க வந்து உக்காருங்க. நல்லாக் காலை நீட்டி மிதிங்க. அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வரும்.”

மாமா தயங்கினார். பவானி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவர் உட்கார்ந்து, காலை நீட்டி, பட்டும் படாமல் வைத்தார்.

“இது மிதியா பாய்? பூ மேல வைக்கிற மாதிரி வைக்கிறீக!”

மாமா அழுத்தி மிதித்தார். அம்மா சாவியைத் திருப்பினார்.

டக்! கார் கிளம்பியது.

“ஆஃப் பண்ணுங்க தங்கச்சி” என்றார் மாமா. இந்த முறை இரண்டு காலாலும் ஓங்கி மிதித்தார். டக்! கார் கிளம்பியது. அவர் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

“போதும் போதும், காருக்கு வலிக்கும்” என்றார் பெரியம்மா.

*

பெரியம்மாவை இறக்கிவிட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மெஹராஜ் அத்தை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா கைத்தாங்கலாக மாமாவை இறக்கிவிட்டார்.

மாமா இரண்டு அடி நடந்தார். பிறகு நின்று திரும்பினார்.

“தங்கச்சி, வெள்ளிக்கெழம எத்தன மணிக்கு வருவீக?”

“எப்பவும்போல ஆறு மணிக்குண்ணே” என்றார் அம்மா.

“சரி. வாசல்லயே நிப்பேன்.”

அம்மா காருக்குத் திரும்பினார். முன் சீட்டில் பவானி தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகளில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

அம்மா அவளை எழுப்பவில்லை. தன் சீட்டையும் பின்னால் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடினார். மலைப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. வீடு நாலடி தூரத்தில்தான் இருந்தது. இருந்தாலும் இருட்டும் வரை இரண்டு பேரும் காரிலேயே நன்றாகத் தூங்கினார்கள்.